'பொம்மை வீடு' நாடகத்தில் கைவிடுதல்: தாயும் செவிலியும்

1879ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் கோபன்ஹேகன் அரச நாடக அரங்கில் ஹென்றிக் இப்சனின் 'பொம்மை வீடு' முதன்முதலாக மேடையேறியது. நோராவாக பெட்டி ஹென்னிங்ஸ் நடித்தார். மூன்றாம் அங்கத்தின் இறுதியில் நோரா கணவனையும் மூன்று குழந்தைகளையும் விட்டு வெளியேற, கீழ்த்தளக் கதவு அடைபடும் ஓசையோடு திரை விழுந்தது. அவ்வோசையைப் பற்றி எழுதப்பட்டவற்றுக்கு அளவில்லை. எழுதியவருள் பெரும்பாலார் எழுப்பிய வினா ஒன்றே: ஒரு தாய் தன் குழந்தைகளைக் கைவிட்டுச் செல்லலாமா?

இவ்வினா எழுந்த அதே நாடகத்தில், நோரா வெளியேறுவதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்பே வேறொரு தாய் தன் குழந்தையை விட்டு வந்திருக்கிறாள். அவள் நோராவை வளர்த்த செவிலி, ஆன் மரி. அவளைப் பற்றி அக்கால அரங்கில் எவரும் கொதித்தெழவில்லை. வீட்டுத் தலைவி பிள்ளைகளை விடுவது அறக்கேடாகவும், பணிப்பெண் பிள்ளையை விடுவது உலகியல்பாகவும் கொள்ளப்பட்டன. இந்நாடகத்தில் கைவிடுதல் என்னும் கருப்பொருளை ஆராய முற்படுவோர் தொடங்கவேண்டிய இடம் இறுதிக் காட்சியன்று; இரண்டாம் அங்கத்தின் தொடக்கத்தில் வரும் சிறிய உரையாடலே ஆகும்.

செவிலியின் கதை

அக்காட்சியில் செவிலி மாறுவேட விருந்துக்குரிய உடைப்பெட்டியை எடுத்து வருகிறாள். குழந்தைகள் தாயைக் கேட்கிறார்கள் என்கிறாள். முன்போல் அவர்களோடு இருக்க இனி இயலாது என்கிறாள் நோரா. குழந்தைகள் எதற்கும் பழகிக்கொள்வார்கள் என்பது செவிலியின் மறுமொழி. ஆறுதலாகச் சொல்லப்பட்ட அச்சொல் நோராவின் உள்ளத்தில் வேறுவகையாக இறங்குகிறது. தாய் அடியோடு போய்விட்டால் அவளை மறந்துவிடுவார்களா என்று கேட்கிறாள். செவிலி திடுக்கிடுகிறாள். அதன்பின் நோரா தன் நெஞ்சில் பலகாலம் கிடந்த கேள்வியைக் கேட்கிறாள்: பெற்ற மகளை அயலாரிடம் ஒப்படைக்க உனக்கு எப்படி மனம் வந்தது?

செவிலியின் விடையில் தன்னிரக்கம் சிறிதும் இல்லை. ஏழைப்பெண், கெடுக்கப்பட்டவள், கெடுத்தவன் எதுவும் செய்யவில்லை. அந்நிலையில் நல்லதொரு வீட்டில் பால்கொடுக்கும் பணி கிடைத்தது பேறு. நோராவுக்குப் பாலூட்ட வேண்டுமாயின் தன் மகளை விட்டுத்தான் வரவேண்டும். மகள் தன்னை மறக்கவில்லை. தேவாலயத்தில் உறுதிபூசுதல் பெற்றபோது ஒருமுறையும் மணம் முடித்தபோது ஒருமுறையும் எழுதினாள் என்கிறாள் அத்தாய். ஒரு வாழ்நாளுக்கு இரண்டு கடிதங்கள். நோராவுக்குத் தாய் என்று சொல்ல வேறு எவரும் இருந்ததில்லை என்பதும் அவ்வுரையாடலிலேயே வெளிப்படுகிறது.

ஆகவே நோரா தாயில்லாதவளாக வளர்ந்து, பிறிதொரு குழந்தைக்குரிய தாய்மையை உண்டு பெரியவளானவள். அவளுக்குக் கிடைத்த அன்பு இன்னொருத்தியிடமிருந்து எடுக்கப்பட்டது. இதனை இப்சன் விரித்துரைக்கவில்லை, குற்றச்சாட்டாகவும் வைக்கவில்லை. உடைப்பெட்டியைத் திறக்கும் வேளையில் நடக்கும் வீட்டுப்பேச்சாகவே அமைத்துள்ளார். அதனாலேயே பலர் அதனைக் கவனியாது கடந்தனர் போலும்.

இக்காட்சியின் பயன் மூன்றாம் அங்கத்தில் தெரிகிறது. புறப்படும்போது நோரா குழந்தைகளைப் பார்க்கச் செல்லவில்லை. தன் கைகளைவிட நல்ல கைகளில் அவர்கள் இருப்பதாகச் சொல்கிறாள். அக்கைகள் எவருடையவை என்பது முன்னரே காட்டப்பட்டுவிட்டது. தன் மகளை விட்டு வந்த செவிலி வீட்டில் இருப்பதனாலேயே நோராவால் தன் மக்களை விட்டுச் செல்ல முடிகிறது. ஒரு கைவிடுதல் மற்றொன்றுக்கு முதலாக அமைந்த இவ்வமைப்பே நாடகத்தின் முதுகெலும்பு எனலாம். தமிழ் அகப்பாடல்களில் தலைவி உடன்போக்கில் சென்றபின் நற்றாயும் செவிலியும் புலம்புவதற்கெனத் தனித்துறைகள் உண்டு. இப்சனின் செவிலிக்கு அத்தகைய வாய்ப்பு இல்லை. மூன்றாம் அங்கத்தில் அவள் மேடைக்கே வருவதில்லை.

கைவிட்டவர் யார்?

தமிழில் மணத்தைக் 'கைப்பிடித்தல்' என்பர். அதன் எதிர்ச்சொல் 'கைவிடுதல்'. இச்சொல் இடம்விட்டுப் பெயர்தலைக் குறிப்பதன்று. பற்றிய கையை நெகிழவிடுதலைக் குறிப்பது. ஆகவே ஒருவர் வீட்டைவிட்டு ஓரடியும் நகராமல் மற்றவரைக் கைவிடல் கூடும். டோர்வால்ட் ஹெல்மர் செய்வது அதுவே.

கணவனின் உயிர்காக்கும் இத்தாலியப் பயணத்துக்காகத் தந்தையின் கையொப்பத்தைப் போலியாக இட்டு நோரா கடன் வாங்கியிருந்தாள். கடன் கொடுத்த குரோக்ஸ்டாட்டின் கடிதத்தைப் படித்தவுடன் ஹெல்மர் தீர்ப்புக் கூறுகிறான். அவள் வீட்டில் இருக்கலாம், ஊரார் பார்வைக்காக. ஆனால் குழந்தைகளை வளர்க்கும் பொறுப்பு இனி அவளுக்கு இல்லை. ஒரே நொடியில் மனைவி என்ற நிலையும் தாய் என்ற நிலையும் பறிக்கப்படுகின்றன; கூரை மட்டும் மிஞ்சுகிறது. சற்றுநேரத்தில் இரண்டாம் கடிதம் வந்து பத்திரம் திரும்பக் கிடைத்ததும், தான் காப்பாற்றப்பட்டதாகக் கூவி அனைத்தையும் மன்னித்துவிடுகிறான். அந்த இடைவெளிக்குள் கைவிடுதல் நிகழ்ந்து முடிந்துவிட்டது. நோரா கதவைத் திறப்பது அதன் பின்னர்தான். குழந்தைகளை அவளிடமிருந்து முதலில் பிரித்தவன் தந்தையே என்பதை, தாயைப் பழித்தவர்கள் நினைவிற் கொள்ளவில்லை.

ஏனைய பாத்திரங்களும் இவ்வலையிலேயே உள்ளனர். கிறிஸ்டீன் லிண்டே நோயுற்ற தாயையும் இளைய தம்பியர் இருவரையும் காக்கும்பொருட்டுக் குரோக்ஸ்டாட்டை விட்டு, வசதியுள்ள வேறொருவனை மணந்தவள். கைவிடப்பட்டவன் உடைந்த மரக்கலத்தில் தொற்றிக் கிடப்பவனாகத் தன்னைக் கருதிக் கீழ்மையில் இறங்கினான். மருத்துவர் ரேங்க் தன் சாவின் நேரத்தில் நண்பனும் அருகில் வரவேண்டாம் எனக் கதவைச் சாத்திக்கொள்பவர். இவர்களுள் கிறிஸ்டீனும் குரோக்ஸ்டாட்டும் மீண்டும் இணைவது, நோராவும் ஹெல்மரும் பிரிவதற்குச் சற்று முன்பு நிகழ்கிறது. இணையும் இருவரும் ஒருவரையொருவர் பொய்யின்றி அறிந்தவர்கள். எட்டாண்டு இல்லறத்தில் அவ்வறிவு வாய்க்கவில்லை.

லாரா கீலர்

இந்நாடகத்தின் வித்து மெய்வாழ்வில் நிகழ்ந்தது. லாரா பீட்டர்சன் என்னும் இளம்பெண் இப்சனின் 'பிராண்ட்' நாடகத்துக்குத் தொடர்ச்சி போல ஒரு நூலை 1869இல் வெளியிட்டு அவரது அறிமுகத்தைப் பெற்றவர். இப்சன் அவரை வானம்பாடி என்று அன்போடு அழைத்தார். ஹெல்மர் தன் மனைவியை அழைக்கும் பெயர்களுள் அதுவும் ஒன்று. லாரா விக்டர் கீலர் என்னும் ஆசிரியரை மணந்தார். கணவருக்குக் காசநோய் கண்டது. வெப்ப நாட்டுக்கு அழைத்துச் செல்ல மறைவாகக் கடன் பெற்றார். அதனை அடைக்க வழியின்றி 1878இல் ஒரு கையெழுத்துப் பிரதியை இப்சன் குடும்பத்துக்கு அனுப்பி, பதிப்பாளரிடம் பரிந்துரைக்குமாறு வேண்டினார். எழுத்துத் தரமில்லை என்று இப்சன் மறுத்தார். அதன்பின் போலி ஆவணம், கண்டுபிடிப்பு, கணவரின் சினம். லாரா மனநோய் விடுதிக்கு அனுப்பப்பட்டார். குழந்தைகள் அவரிடமிருந்து பிரிக்கப்பட்டனர். பின்னர் கணவர் வீட்டுக்கே அவர் திரும்பினார்.

மெய்வாழ்வில் வெளியேற்றப்பட்டவள் மனைவி. மேடையில் வெளியேறுபவள் மனைவி. இவ்வொரு மாற்றத்தில்தான் இப்சனின் கலை அடங்கியுள்ளது. அதேவேளை, உதவி நாடிய லாராவைக் கைவிட்டவர்களுள் இப்சனும் ஒருவர் என்பதை மறைத்தற்கில்லை. தம்மை நோராவாக உலகம் அடையாளம் கண்டதை லாரா வாழ்நாள் முழுதும் வருத்தத்தோடு சுமந்தார். 1932இல் அவர் மறைந்தார்.

இப்சனின் வாழ்க்கையிலும் கைவிடுதல் இருமுனைகளில் நிற்கிறது. ஷீன் நகரில் வணிகராயிருந்த தந்தை கனுட் இப்சன் பொருளிழந்தபின் குடும்பம் தாழ்ந்தது. மகன் பதினைந்து வயதில் வீட்டைவிட்டுக் கிரிம்ஸ்டாட் என்னும் சிற்றூரின் மருந்துக்கடைக்குப் பயிற்சியாளாகச் சென்றார். 1850க்குப்பின் அவர் பெற்றோரைக் காணவில்லை. தாய் 1869இலும் தந்தை 1877இலும் இறந்தனர். கிரிம்ஸ்டாட்டில், அதே கடையில் பணிபுரிந்த எல்சே சோபி என்னும் பணிப்பெண்ணிடம் 1846இல் அவருக்கு ஒரு மகன் பிறந்தான். இப்சனுக்கு வயது பதினெட்டு. அப்பெண் அவரினும் பத்து வயது மூத்தவள். சட்டப்படி பராமரிப்புத் தொகையைப் பல ஆண்டுகள் செலுத்தினார், மகனை வளர்க்கவில்லை. அவ்வன்னை வறுமையில் இறந்தாள்.

வாழ்க்கை வரலாற்றை நாடகத்தின் மீது அப்படியே ஏற்றிப் பார்ப்பது ஆய்வுநெறிக்கு ஒவ்வாது. எனினும் கெடுக்கப்பட்ட ஏழைப்பெண், எதுவும் செய்யாத ஆண், அயலாரிடம் வளரும் குழந்தை என்று செவிலியின் வாயில் வரும் செய்திகள் எழுத்தாளர் அறியாத உலகத்தைச் சேர்ந்தவை அல்ல. நாடகத்துக்காக 1878 அக்டோபரில் ரோமில் எழுதிய குறிப்புகளில், ஆணுக்கும் பெண்ணுக்கும் இருவேறு மனச்சான்றுகள் உள்ளன என்றும், ஆணின் சட்டத்தாலேயே பெண் தீர்ப்பிடப்படுகிறாள் என்றும் அவர் எழுதினார். இனப்பெருக்கக் கடமை முடிந்தபின் ஒதுங்கிச் சாகும் பூச்சிகளோடு இற்றைச் சமூகத்துத் தாயை ஒப்பிட்டதும் அக்குறிப்புகளிலேயேதான். சட்டம் பற்றிய அவர் கூற்று மிகையன்று: நார்வேயில் மணமான பெண்ணுக்குச் சட்டத்தகுதி 1888இல்தான் கிடைத்தது. மணவுறவுக்கு வெளியே பிறந்த குழந்தை தந்தையின் பெயருக்கும் சொத்துக்கும் உரிமை பெற 1915வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

முடிவை மாற்றியோர்

நூல் 1879 டிசம்பர் 4ஆம் நாள் 8,000 படிகளுடன் வெளியாகி ஒரு திங்களுக்குள் விற்றுத் தீர்ந்தது. ஜெர்மனியில் சிக்கல் எழுந்தது. ஹெட்விக் நீமன் ராபே என்னும் புகழ்பெற்ற நடிகை, தான் தன் குழந்தைகளை ஒருபோதும் விட்டுச்செல்ல மாட்டேன் எனக் கூறி அவ்விறுதிக் காட்சியில் நடிக்க மறுத்தார். ஸ்காண்டிநேவிய எழுத்தாளர்களுக்கு அங்குப் பதிப்புரிமைக் காப்பு இல்லாமையால், எவர் வேண்டுமாயினும் நாடகத்தைத் திருத்தலாம். பிறர் கைவைப்பதற்கு முன் தாமே செய்துவிடுவது மேல் என்று இப்சன் மாற்று முடிவொன்றை எழுதிக் கொடுத்தார். அதில் ஹெல்மர் நோராவைக் குழந்தைகள் உறங்கும் அறையின் வாயிலுக்கு இழுத்துச் செல்கிறான். நாளை எழுந்து தாயைத் தேடுவார்கள், தாயற்றவர்களாவார்கள் என்கிறான். அவள் தளர்ந்து விழ, திரை விழுகிறது. 1880 பிப்ரவரியில் பிளென்ஸ்பர்க் நகரில் இவ்வடிவம் நடிக்கப்பட்டது. அதே திங்களில் டேனிஷ் நாளிதழுக்கு எழுதிய கடிதத்தில் அதனைக் காட்டுமிராண்டித்தனமான வன்செயல் என்று இப்சனே பழித்தார். அடுத்த திங்கள் மியூனிக்கில் மூல முடிவோடு நாடகம் நடந்தது. நீமன் ராபேயும் பின்னாளில் மூல முடிவுக்குத் திரும்பினார்.

நடிகையின் மறுப்பை எள்ளி நகையாடுவது எளிது. ஆயினும் 'தாயற்றவர்கள்' என்னும் ஒரு சொல் நோராவை வீழ்த்தப் போதுமானது என்று மாற்று முடிவு நம்புகிறது. அவ்வளவில் அது உளவியல் பிழையன்று. தாயின்றி வளர்ந்தவளுக்கு அச்சொல்லின் எடை மற்றவரைவிட நன்றாகத் தெரியும். பிழை எங்குள்ளது எனில், திரை விழுந்தபின் குழந்தைகளோடு வாழப்போவது யார் என்பதை அம்முடிவு மறைப்பதில்தான். குழந்தைகளுக்காகத் தங்கிவிட்ட தாய் எத்தகைய வீட்டில் தங்குகிறாள்?

அவ்வினாவுக்கு இப்சனே விடை எழுதினார். 1881இல் வெளிவந்த 'ஆவிகள்' நாடகத்தின் ஆல்விங் அம்மையார் மணமான ஓராண்டில் கணவனை விட்டு ஓடி, பாதிரியார் மேண்டர்ஸால் திருப்பி அனுப்பப்பட்டவர். கடமையின் பொருட்டு வீட்டில் தங்கினார். தந்தையின் ஒழுக்கக்கேட்டிலிருந்து காக்க ஏழு வயது மகனை வெளியே அனுப்பினார். தங்கியும் பிள்ளையை இழந்தார். அவ்வீட்டில் வேறொரு குழந்தையும் உண்டு. கணவன் பணிப்பெண்ணிடம் பெற்ற ரெஜினா. பணிப்பெண்ணுக்குப் பணம் கொடுத்துத் தச்சன் ஒருவனுக்கு மணமுடித்து அனுப்பிவிட்டார்கள். 'பொம்மை வீட்டில்' இரண்டு கடிதங்களாக மட்டும் இருந்த பணிப்பெண்ணின் மகள் இங்கே உடலோடு மேடைக்கு வருகிறாள் எனக் கருத இடமுண்டு. உண்மை தெரிந்ததும் ரெஜினா தன்னை இவ்வீட்டுப் பிள்ளையாக வளர்த்திருக்க வேண்டும் என்று கேட்டுவிட்டு, நோயுற்ற ஆஸ்வால்டை விட்டுப் போய்விடுகிறாள். அவள் பேச்சில் நன்றியும் இல்லை, மன்னிப்பும் இல்லை.

ஜெர்மனிக்கு வெளியேயும் திருத்தங்கள் தொடர்ந்தன. 1883இல் அமெரிக்காவின் லூயிவில் நகரில் போலந்து நடிகை ஹெலனா மோட்ஜெஸ்கா 'தோரா' என்னும் பெயரில் நடித்த வடிவம் கணவன் மனைவி ஒற்றுமையில் முடிந்தது. 1884இல் இலண்டனில் ஹென்றி ஆர்தர் ஜோன்ஸும் ஹென்றி ஹெர்மனும் தழுவிய வடிவில் கணவன் பழியைத் தானே ஏற்கிறான். ஆகவே மனைவி போகவேண்டிய தேவையே இல்லை. மூலத்துக்கு நெருங்கிய வடிவம் வில்லியம் ஆர்ச்சரின் மொழிபெயர்ப்பில், ஜேனட் ஆச்சர்ச் நடிக்க, 1889 ஜூன் 7ஆம் நாள்தான் இலண்டன் பொது அரங்கைக் கண்டது. அடுத்த ஆண்டே வால்டர் பெசன்ட் தொடர்கதையொன்று எழுதி, தாய் போனதால் குடும்பம் சீரழிந்ததாகக் காட்டினார். அதனை மறுத்துப் பெர்னார்ட் ஷா மற்றொன்று எழுதினார். இவ்வெழுத்துப் போரில் செவிலியின் மகளுக்கு வழக்காடுவோர் முன்னே வரவில்லை.

ஆசிய மேடைகளில்

சீனாவில் இவ்வினா வேறு திசையில் திரும்பியது. 1918 ஜூனில் 'புதிய இளைஞர்' இதழ் இப்சன் சிறப்பிதழை வெளியிட்டது. குடும்பத்தை விட்டு வெளியேறும் பெண் புதுமையின் உருவமாக அங்குக் கொண்டாடப்பட்டாள். அக்கொண்டாட்டத்தின் நடுவே லூ சுன் 1923 டிசம்பர் 26ஆம் நாள் பெய்ஜிங் மகளிர் கல்லூரி ஒன்றில் உரையாற்றினார். நோரா போனபின் என்ன ஆகிறாள் என்பதே பொருள். கையில் பணமில்லாதவள் சீரழிய வேண்டும், அல்லது திரும்பி வரவேண்டும் என்றார் அவர். பொருளியல் உரிமை இல்லாத விடுதலை வெறும் வாய்ச்சொல் என்பது அவர் கருத்து. ஈராண்டுக்குப்பின் எழுதிய ஒரு சிறுகதையில், காதலனை நம்பிக் குடும்பத்தை விட்டு வந்த பெண், வறுமை நெருக்கியபோது அக்காதலனாலேயே கைவிடப்பட்டு இறப்பதைக் காட்டினார். ஐரோப்பியத் திறனாய்வாளர் குழந்தைகளை எண்ணிக் கவலையுற்றபோது, லூ சுன் நோராவின் பணப்பையை எண்ணினார். செவிலி ஆன் மரியின் வாழ்க்கை அவர் கூற்றுக்கு முன்னரே எழுதப்பட்ட சான்று: பணமில்லாத தாய் ஒருத்தி வெளியேறியபோது சென்று சேர்ந்த இடம் பிறர் வீட்டுத் தொட்டில்.

இந்தியாவில் மராத்திய மேடையில் 1942இல் ரங்கணேகரின் 'குலவதூ' இந்நாடகத்தின் தாக்கத்தோடு தோன்றியது. வங்கத்தில் சம்பு மித்ரா 'புதுல் கேலா' என்னும் தழுவலை 1958இல் பகுரூபி குழுவின் வழியே அளித்தார். திருப்தி மித்ராவின் நடிப்பு அதனை நிலைநிறுத்தியது. இந்திய வீடுகளில் பிறர் குழந்தையை வளர்க்கத் தன் குழந்தையை ஊரில் விட்டு வரும் பெண் அயலானவள் அல்லள். ஆகவே செவிலியின் உரையாடலுக்கு நார்வேயைவிட இங்கு விளக்கம் குறைவாகவே தேவைப்படும்.

பிற்கால இயக்குநர்கள்

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கவனம் மெல்லக் குழந்தையின் பக்கம் நகர்ந்தது. 1989இல் ஸ்டாக்ஹோமில் இங்மர் பெர்க்மன் மேடையேற்றியபோது மூன்று குழந்தைகளை ஒரே மகளாகக் குறைத்து, இறுதிப் பிரிவை அச்சிறுமி பார்த்து நிற்குமாறு அமைத்தார். கதவோசையைக் கேட்பது கணவன் மட்டுமன்று என்றாயிற்று. இது மூலத்துக்குப் புறம்பானது எனச் சிலர் கருதலாம். ஆனால் குழந்தைகளை முதல் அங்கத்தில் ஒளிந்து விளையாடவிட்டு, பின்னர் கதவுக்குப்பின் வைத்தவர் இப்சன். பெர்க்மன் அக்கதவைத் திறந்தார், அவ்வளவே.

2017இல் அமெரிக்க மேடையேறிய லூகாஸ் நாத்தின் 'பொம்மை வீடு: இரண்டாம் பகுதி'யில் நோரா பதினைந்து ஆண்டுகளுக்குப்பின் அதே கதவைத் தட்டுகிறாள். அவள் இப்போது எழுதிப் பொருளீட்டுபவள். லூ சுன் கேட்ட பணப்பை அவளிடம் உண்டு. கணவன் சட்டப்படி மணமுறிவு செய்யவில்லை என்பதால் வந்திருக்கிறாள். வளர்ந்துவிட்ட மகள் எம்மி தாயை நினைவிற் கொண்டிருக்கவில்லை. தான் மணம் செய்துகொண்டு ஒருவரோடு ஒருவராக இருக்கவே விரும்புவதாகத் தெளிவாகச் சொல்கிறாள். கதவைத் திறந்து நோராவை முதலில் எதிர்கொள்பவள் முதுமையடைந்த ஆன் மரி. நோராவின் குழந்தைகளை வளர்த்து ஆளாக்கியவள் அவள். உன்னை வளர்க்க என் மகளை விட்டு வந்தேன், நீ போனபின் உன் மக்களையும் நானே வளர்த்தேன் என்னும் கணக்கை அவள் இம்முறை நோராவின் முகத்துக்கு நேரே வைக்கிறாள். 1879இல் அவளுக்கு இல்லாத சினம் அது. நோரா நன்றி கூறுகிறாள். செவிலி அதனை ஏற்கும் மனநிலையில் இல்லை.